83 மீற்றர் உயரத்துக்கு ஓர் இறைப்பு

சண்டிலிப்பாய்த் தோட்டக் கிணற்றில் இறைப்பு மிசின் ஓடும்போது தண்ணீரை மேலே ஏற்றுவது காற்றுத்தான். மிசின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. கிணற்றுநீரை அமுக்கிக்கொண்டிருக்கும் வெளிக்காற்று உடனே தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. காற்றின் பலம் சுமார் 10 மீற்றரோடு சரி. மேலே வைத்த மிசின் எவ்வளவு பெரிதானாலும் அந்த 10 மீற்றருக்குக் கீழே கிடக்கும் நீரை உறிஞ்சாது.

கனடாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வீட்டுவண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவுக்குப் போகிற நம் சனம் அங்கே ‘ஜெனரல் ஷெர்மன்’ என்ற செக்கோயா மரத்தைத் தேடித்தான் நடக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலே, மலைக்காட்டில் நிற்கிறது அது. உயரம் 83.8 மீற்றர், அடிமரச் சுற்றளவு 31 மீற்றர், வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். எல்லோரும் அடிமரத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கோ நுனியில் பச்சையாக நிற்கும் இலைகள்தான் பெரிய அதிசயம். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது?

1894இல் டப்ளினைச் சேர்ந்த டிக்சன், ஜோலி இருவரும் விடை சொன்னார்கள். வெயில் பட்டு இலையிலிருந்து நீர் ஆவியாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை; மேலே ஒன்று போனால் அடுத்தது இழுபடும். துலாக்கயிற்றின் இழுவை வாளிவரை போவதுபோல அந்த இழுவை இலையிலிருந்து வேர்வரை இறங்குகிறது. மரத்துக்கு இதில் செலவே இல்லை, வேலை முழுக்க வெயிலினுடையது. ஆனால் இழுவை கூடினால் நடுவே காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடர் அறும். செக்கோயாவின் நீர்க்குழாய்கள் சில மில்லிமீற்றர் நீளமான நுண்கலங்களால் ஆனவை. குமிழி புகுந்த கலத்தின் வாசல்கள் அடைபட, நீர் பக்கத்துக் கலத்தால் சுற்றிப் போகும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. செக்கோயாவின் உறவான கடலோர ரெட்வுட் மரங்களில் ஏறி அளந்த ஆய்வாளர்கள், 122 முதல் 130 மீற்றருக்கு மேல் மரம் வளராது என்று 2004இல் கணித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஹைப்பீரியன்’, உலகின் மிக உயர்ந்த மரம், சுமார் 116 மீற்றர். (அதை நெருங்கப் பார்க்காதீர்கள், 5,000 டொலர் வரை அபராதம்.) ரெட்வுட் மரங்களின் கீழ்க்கிளைகளில் இலை நீண்டு தட்டையாக விரிந்திருக்கும். நுனியிலோ செதில்போலச் சுருங்கித் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். கீழ்நோக்கிய இழுவையில் இலைக்கலங்கள் விரிய முடியாமற் போவதன் விளைவு அது.

செக்கோயாவுக்கு ஒரு வசதி: ஆண்டுதோறும் பட்டைக்குள்ளே புதிய மரம், அதாவது புதிய குழாய்கள் சேரும். நம் வேலிப் பனைக்கு அதுவும் கிடையாது. 30 மீற்றர்வரை வளரக்கூடிய பனை ஆண்டுவளையம் போடாது. அடித்தண்டில் முதலில் அமைந்த குழாய்களே நூறு ஆண்டானாலும் வட்டுக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும்.