எம்எல்ஏ வந்தால் எதைக் கேட்பது?

கூட்டத்தொடர் முடிந்து உங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வருகிறார். மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல், மைக் செட், வாடகை நாற்காலி. வந்தவர் கையிலெல்லாம் சட்டமன்றப் பணி பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருமுறை கிடைத்ததை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினாறு பக்கம், அதில் ஒன்பது பக்கம் சால்வைப் படம். மீதி ஏழு பக்கத்தில் நாலு வார்த்தைகள் மாறி மாறி வந்தன: வலியுறுத்தினோம், அறிவிப்பு வந்தது, தீர்மானம் நிறைவேறியது, சட்டம் கொண்டுவந்தோம்.

எல்லாம் ஒன்றுதானே என்கிறீர்களா? இல்லை, நாலுக்கும் எடை வேறு. காவிரிப் பாசனத்தில் நெல் போடும் உங்களுக்கு அந்த எடை வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வயல் யார் கைக்குப் போகும், நிவாரணம் எப்போது வரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

முதலில் அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் என்ன தூரம் என்று பார்ப்போம். 2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த விழாவில், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு திருச்சி, அரியலூர், கரூர், புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் டெல்டாப் பகுதிகளும் அந்தப் பேச்சில் இருந்தன. ஊரெங்கும் பட்டாசு வெடித்தது.

பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 20 அன்று சட்டமுன்வடிவு (மசோதா, அதாவது சட்டமாவதற்கு முன்பு பேரவையில் வைக்கப்படும் வரைவு) வந்து, அன்றைக்கே நிறைவேறியது. அதில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுதாக இருந்தன. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் மட்டும் இருந்தன. திருச்சி, அரியலூர், கரூர் மூன்றும் இல்லை. மேடையில் சொன்னதைக் கேட்டு நம்பியிருந்த லால்குடி விவசாயிக்கு இந்தச் சட்டத்தால் பாதுகாப்பு கிடையாது.

அதனால் எம்எல்ஏ ஒரு சட்டத்தின் பேரைச் சொன்னால், "அட்டவணையில் நம் ஊர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அட்டவணை என்பது சட்டத்தின் கடைசியில் இருக்கும் பட்டியல். யாரும் படிக்காத பக்கமும் அதுதான், உயிர் இருக்கும் பக்கமும் அதுதான். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. சட்டத்தில் அதன் பெயரைச் சேர்க்க 2023இல் ஒரு திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது.

பேரவையில் குரல் வாக்கெடுப்பு முடிந்தால் (ஆதரிப்போர் "ஆம்" என்று சொல்லி நிறைவேற்றும் முறை) சட்டமாகிவிடுமா? ஆகாது. ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும், அது அரசிதழில் (அரசின் முடிவுகள் முறைப்படி அச்சாகும் இதழ்) வர வேண்டும், பல சட்டங்களுக்கு விதிகளும் தனியாக எழுதப்பட வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் சில நாளில் கிடைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அப்படி அமைவதில்லை. ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களைப் பேரவை 2023 நவம்பர் 18 அன்று மறுபடி நிறைவேற்றியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது. ஆகவே "மசோதா நிறைவேறிவிட்டது" என்று சொன்னால் "ஒப்புதல் வந்ததா?" என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

சரி, இந்த வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் வயலை எதிலிருந்து காக்கிறது? தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், கப்பல் உடைக்கும் தொழில், எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுத்தல் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு.

எதிலிருந்து காக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும், புத்தகத்தில் அது இருக்காது. சட்டம் வருமுன்பே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகள் தொடரலாம். சாலை, குழாய்ப் பாதை, மின்சாரம், குடிநீர், துறைமுகத் திட்டங்களை இந்தச் சட்டம் தொடாது. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரும் நான்குவழிச் சாலை போன்ற ஒன்றுக்கு உங்கள் நிலம் தேவைப்பட்டால், வேளாண் மண்டலம் என்று சொல்லித் தடுக்க முடியாது. வயலை மனைப்பிரிவாக்குவதற்கும் இதில் தடை இல்லை. அதற்கு நகர் ஊரமைப்பு விதிகள் தனி.

அப்படியானால் இதனால் பயனே இல்லையா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வடசேரி கதையைக் கேளுங்கள்.

2023 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. நாடு முழுக்க நிலக்கரி எடுக்க மத்திய அரசு விட்ட ஏல அறிவிப்பில் ஒரத்தநாடு வட்டம் வடசேரி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி என்று மூன்று இடங்கள் இருந்தன. மாநில அரசைக் கேட்கவே இல்லை. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் பேரவையில் பல கட்சிகள் கவன ஈர்ப்புத் தீர்மானம் (அவசரமான பொதுப் பிரச்சினையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவந்து பதில் வாங்கும் வழி) கொண்டுவந்தன. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசம் அன்றைக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. ஏப்ரல் 8 அன்று, மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து விலக்கச் சொல்லிவிட்டதாக அப்போதைய நிலக்கரித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

கடிதம் எதைக் காட்டி வாதாடியது தெரியுமா? 2020 சட்டத்தைத்தான். வடசேரியும் சேத்தியாத்தோப்பும் மண்டலத்துக்குள் வருகின்றன, ஏலம் விட்டாலும் அங்கே வேலை தொடங்க முடியாது என்றது. மைக்கேல்பட்டி மண்டலத்துக்கு வெளியே இருந்தது. அதற்கு "இதுவும் வளமான பூமிதான்" என்ற அளவில்தான் வாதாட முடிந்தது. ஒரு கட்சி போட்ட சட்டம், மூன்றே ஆண்டில் இன்னொரு கட்சியின் முதலமைச்சர் கையில் ஆயுதமாக இருந்தது. எம்எல்ஏக்கள் எல்லாம் போட்டோவுக்குத்தான் என்று பேசும் நண்பர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

அடுத்து தீர்மானம். காவிரி நீரைத் திறக்கக் கர்நாடகத்துக்கு உத்தரவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்தி 2023 அக்டோபர் 9 அன்று பேரவை தனித் தீர்மானம் போட்டது. அதனால் தண்ணீர் வந்ததா? தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அது பேரவையின் குரல், அவ்வளவே. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன கணக்கு. மாதாமாதம் அதைப் பார்ப்பது காவிரி மேலாண்மை ஆணையம். இந்த இரண்டு இடத்திலும் உங்கள் எம்எல்ஏவுக்கு நாற்காலி இல்லை. "தண்ணீர் வாங்கித் தந்தேன்" என்று எந்தக் கட்சி எம்எல்ஏ சொன்னாலும் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள். வாய்க்கால் தூர்வாரினார்களா, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, மதகு ஷட்டர் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அது மாநிலத்தின் வேலை, அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே குழப்பம் கொள்முதல் நிலையத்திலும் உண்டு. ஐப்பசி மழையில் நனைந்த குறுவை நெல்லைக் களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் விரித்துக் காயவைக்கிறீர்கள். ஊழியர் ஒரு கைப்பிடி அள்ளி ஈரப்பத மீட்டரில் போடுகிறார். 19 என்று காட்டுகிறது. "பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க" என்கிறார். எம்எல்ஏவுக்குப் போன் போடுகிறீர்கள்.

அந்த 17 சதவீதம் மத்திய அரசு வைத்த வரம்பு. எம்எல்ஏவால் மட்டுமல்ல, மாநில அமைச்சராலும் அதைத் தளர்த்த முடியாது. கேட்டு வாங்கத்தான் முடியும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பிறகு அப்படிக் கேட்டு 20 சதவீதம் வரை தளர்வு கிடைத்தது. ஆனால் நிலையம் எத்தனை திறப்பது, சாக்கு இருக்கிறதா, எடுத்த மூட்டையை லாரி ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்களா என்பதெல்லாம் மாநில அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பொறுப்பு. சிப்பத்துக்கு இவ்வளவு என்று யாராவது கைநீட்டினால் அதுவும் இங்கே தீர்க்க வேண்டியதுதான். விலையிலும் இரண்டு கை இருக்கிறது. 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆக 2,500. உங்கள் எம்எல்ஏ பேரவையில் பேசி ஏற்றக்கூடியது அந்த 131தான்.

நிவாரண அறிவிப்பு வந்தால் உடனே பணம் வருமா? 2023இல் தண்ணீரில்லாமல் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஏக்கர் கணக்கில் ஐயாயிரத்து ஐந்நூறுக்குச் சற்றுக் கீழே. இதுபோன்ற அறிவிப்புக்குப் பிறகு அரசாணை (துறைச் செயலாளர் கையெழுத்திட்டு எண்ணும் தேதியும் போட்டு வெளியிடும் உத்தரவு) வேண்டும், வருவாய்த் துறையும் வேளாண் துறையும் வயலைப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் ஏற அடங்கலில் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் பதிவேடு) உங்கள் சாகுபடி பதிவாகியிருக்க வேண்டும். குத்தகைக்கு உழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுபடுகிறார்கள். சாகுபடி நடக்கும்போதே அடங்கலைச் சரிபாருங்கள். கருகிய பிறகு போனால் வாதம்தான் மிஞ்சும்.

புத்தகத்தில் இருப்பதைவிட இல்லாததைக் கேட்பது இன்னும் நல்லது. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றைக்கு நில ஒருங்கிணைப்புச் சட்ட மசோதா நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ளடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரும் திட்டங்களுக்காக அரசு நிலத்தை ஒருங்கிணைத்துத் தர வழிசெய்வது அது. ஏரி, வாய்க்கால் போய்விடும் என்று விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. ஆனாலும் அது சட்டமாகிவிட்டது. அன்றே நிறைவேறிய இன்னொரு மசோதா, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தருவது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பும் வந்தது. நிறைவேறிய பிறகும் எதிர்ப்பு பலிக்கும் என்பதற்கு இது சாட்சி. அன்றைக்கு உங்கள் எம்எல்ஏ அவையில் இருந்தாரா, என்ன பேசினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது அவர் பையில் வருவதல்ல. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு ஒப்புதல் தரும். நெல் உலர்த்தும் களம் வேண்டுமா, ஊர்ப் பேரில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன, பலருக்குத் தெரியாது. அமைச்சர் அவையில் "செய்து தரப்படும்" என்று சொன்னால் அது காற்றோடு போவதில்லை. நிறைவேற்றினார்களா என்று கேட்க அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையிலேயே ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பாலத்துக்கு அப்படி ஒரு பதில் வந்திருந்தால், அந்தக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோனீர்களா என்று எம்எல்ஏவிடம் கேளுங்கள். மற்றது மனுக்கள் குழு. அது மாவட்டத்துக்கு வருமுன் நாளிதழில் அறிவிப்பு வரும். பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையை நீங்களே எழுதி, ஐந்து நகல் அனுப்பலாம். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருப்பதை எடுக்க மாட்டார்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் எட்டுத் தொகுதிகள். எட்டு எம்எல்ஏக்களில் யார் உங்கள் ஊருக்கு வந்தாலும், கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பேனா கொண்டுபோங்கள். "இதற்கு அரசாணை எண் என்ன, தேதி என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சொன்னால் அந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.