சைலன்சர் மாற்றிய பைக் ஏன் ‘பட்பட்’ என்று வெடிக்கிறது?

ஆக்சிலேட்டரை விட்டதும் சிலிண்டருக்குள் எரிதல் தடுமாறும். எரியாத பெட்ரோல் ஆவி சூடான புகைக்குழாய்க்குள் போய்விடும். அங்கே ஆக்சிஜன் கிடைத்தால் பற்றி வெடிக்கும். ஒவ்வொரு புகைத் துடிப்புக்குப் பின்னும் குழாயில் அழுத்தம் சற்று இறங்குவதால், இன்ஜினோடு பைப் சேரும் இடத்தில் கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அங்கே கரி படிந்திருந்தால் கசிவு என்று அறியலாம்.

எப்படித் தவிர்ப்பது? சைலன்சரை மாட்டும்போது அந்த இணைப்பில் புது கேஸ்கெட் போடுங்கள். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் பிடியுங்கள். பைப் நேராக உட்கார்ந்ததும் இன்ஜின் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்குங்கள். சைலன்சரைத் தாங்கும் போல்ட் கடைசியில்தான்.

சைலன்சர் வாங்கும்போதே கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாருக்கான துளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சத்தம் வரம்பு மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.