கோப்பையின் விலையும் கோப்பையின் வேலையும்

டான்யூப் நதிக் கப்பலில் ஒயின் சுவையறியும் பயிலரங்கு ஒன்றில் அமர்ந்தோம். ஆறு கோப்பைகளுக்கான படிவத்தையும் நிரப்பினோம். கையெழுத்திடும் முன் கற்றுக்கொண்டவை இங்கே.

ஆஸ்திரியாவின் மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையே டான்யூப் நதி ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு பள்ளத்தாக்கின் வழியே வளைந்து செல்கிறது. வாஹாவ் என்பது அதன் பெயர். சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள் தாங்கி நிற்க, திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலைச்சரிவில் ஏறுகின்றன. ஆற்றோரத்தில் ஆப்ரிகாட் தோப்புகள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நிலப்பரப்பு இது. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சிறை வைக்கப்பட்டிருந்த டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகளைக் கப்பல் கடந்துகொண்டிருந்த பொழுது, மேல்தளத்தில் நின்று படம் எடுத்திருக்க வேண்டிய நாங்கள் இருவரும், கீழே கூடத்தில், வெள்ளை விரிப்பின் மீது வரிசையாக வைக்கப்பட்டிருந்த நான்கு கோப்பைகளின் முன் அமர்ந்திருந்தோம்.

எங்களில் ஒருவர் மது அருந்துவதில்லை. மற்றவர், பணி ஓய்வுக்குப் பின்னரான இந்தப் பயணத்தைத் திட்டமிட்ட நாளிலிருந்தே பயிலரங்கை எதிர்பார்த்திருந்தவர். அன்றைய பிற்பகலின் பயன், எதிர்பாராத வகையில், முன்னவருக்கே முதலில் கிட்டியது.

நாவைவிட மூக்கு

சுவையறியும் பயிலரங்கு என்றதும் அதைக் குடிவிருந்து என எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்பையிலும் ஊற்றப்படுவது ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் மட்டுமே. உமிழ்வதற்கென்று மேசையின் மீது ஒரு கலம் இருக்கும். அதைப் பயன்படுத்துவது நாகரிகக் குறைவன்று. தொழில்முறைச் சுவைஞர்கள் அனைவரும் அவ்வாறே செய்கின்றனர்.

முதலில் கோப்பையைச் சாய்த்து, வெள்ளைப் பின்னணியில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு சுழற்றாமல் ஒருமுறை முகர வேண்டும். அடுத்து மெல்லச் சுழற்றி மீண்டும் முகர வேண்டும். சுழற்றும்போது திரவம் கோப்பையின் சுவரில் மெல்லிய படலமாகப் பரவி, மணம் ஆவியாக எழுகிறது. அதன் பின்னரே ஒரு மிடறு. நாம் சுவை என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி மணம்தான். சளி பிடித்த நாளில் இரசத்தில் புளிப்பும் உப்பும் மட்டுமே எஞ்சுவதை நாம் அறிவோம். நாக்கு வழக்கம்போல் வேலை செய்கிறது. மூக்குதான் விடுப்பில் இருக்கிறது.

அன்று ஊற்றப்பட்டது அப்பகுதிக்கே உரிய குரூனர் வெல்ட்லீனர் என்னும் வெள்ளைத் திராட்சை ஒயின். அதே ஒயின் நான்கு கலங்களில் இருந்தது: ஒரு நெகிழிக் குவளை, நேரான சுவருடைய ஒரு சிறு கண்ணாடித் தம்ளர், துலிப் மலரின் வடிவில் அமைந்த ஒரு நடுத்தரக் கோப்பை, அதைவிடப் பெரியதும் மிக மெல்லியதுமான மற்றொன்று. மது அருந்தாதவர் மூன்றாவது கோப்பையை முகர்ந்தவுடன், “மிளகு” என்றார். பயிற்றுநர் மகிழ்ந்துபோனார். வெண்மிளகின் மணமே இந்த ஒயினின் அடையாளம் என்று சபைக்கு அறிவித்தார்.

மற்றவருக்கு எலுமிச்சை தெரிந்தது. பச்சை ஆப்பிள் தெரிந்தது. மிளகு மட்டும் தெரியவில்லை. மூன்று முறை முயன்றார். “உங்களுக்கு இன்னும் பெரிய கோப்பை தேவைப்படுகிறது” என்று புன்னகையுடன் சொல்லி, நான்காவது கோப்பையை நீட்டினார் பயிற்றுநர். அதிலும் மிளகு எட்டவில்லை. எனினும், பயிலரங்கு முடிந்து விற்பனைப் படிவம் வந்தபோது அதை முதலில் வாங்கி நிரப்பியவர் அவர்தான். தம்மிடம் உள்ள குறையைக் கோப்பை தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கை ஒருவரை எவ்வளவு விரைவில் பேனாவை எடுக்க வைக்கிறது! ஆறு கோப்பைகள், 390 யூரோ. இந்தியாவுக்கு அனுப்பும் செலவு 85 யூரோ. இங்கு வந்து சேரும்போது செலுத்த வேண்டிய சுங்க வரி தனி.

கையெழுத்தை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தோம்.

வடிவம் செய்வதும் செய்யாததும்

ஒயின் கோப்பையின் வடிவத்தை ஒரு கருவியின் வடிவமாகக் கருதும் வழக்கம் பழமையானதன்று. செதுக்கு வேலைப்பாடுகளும் வண்ணமும் கனமும் கொண்ட கோப்பையே உயர்ந்தது என்று ஐரோப்பிய இல்லங்கள் நெடுங்காலம் கருதி வந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரியாவின் குஃப்ஸ்டைன் நகரில் கண்ணாடி ஆலை நடத்திய கிளாவுஸ் ரீடல். அலங்காரத்தை நீக்கி, நிறமற்ற, மெல்லிய, நீண்ட தண்டுடைய கோப்பைகளை அவர் வடித்தார். 1958இல் பர்கண்டி ஒயினுக்கென அவர் வடிவமைத்த பெருங்கோப்பை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றுள்ளது. திராட்சை வகைக்கு ஒன்றாகக் கோப்பைகளை வகுத்த அவரது வரிசை 1973இல் வெளிவந்தது.

இத்தகைய கோப்பைகளை விற்கும்போது நெடுங்காலம் கூறப்பட்டுவந்த விளக்கம் ஒன்று உண்டு. நாக்கின் நுனி இனிப்பையும், ஓரங்கள் புளிப்பையும், பின்பகுதி கசப்பையும் உணர்கின்றன. கோப்பையின் வடிவம் ஒயினைத் தக்க இடத்தில் கொண்டு சேர்க்கிறது என்பது அது. எங்கள் பயிலரங்கிலும் நாக்கின் படம் ஒன்று காட்டப்பட்டது. பள்ளிப் பாடநூல்களிலும் பலர் பார்த்திருக்கக் கூடிய அந்தப் படம் பிழையானது. 1901இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் கண்ட மிகச் சிறு வேறுபாடுகளைப் பிற்காலத்தவர் மிகைப்படுத்தி வரைந்ததன் விளைவு அது. சுவை அரும்புகள் உள்ள எந்தப் பகுதியும் எல்லா அடிப்படைச் சுவைகளையும் உணர வல்லது.

அவ்வாறெனில் வடிவத்திற்குப் பொருளே இல்லையா? உண்டு, அது நாக்கைச் சார்ந்ததன்று, ஆவியைச் சார்ந்தது. 2015இல் டோக்கியோவைச் சேர்ந்த கோஜி மிட்சுபயாஷியும் அவருடைய குழுவினரும் கோப்பையிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடிக்கும் ஒரு கேமராவை உருவாக்கினர். 13 டிகிரி செல்சியஸில் ஒயின் கோப்பையின் விளிம்பை ஒட்டி அந்த ஆவி வளையமாகத் திரண்டது. நடுவில் அதன் செறிவு குறைவாக இருந்தது. அந்த நடுப்பகுதியில் மூக்கை வைப்பவருக்கு ஆல்கஹாலின் நெடியால் மறைக்கப்படாத மணம் கிடைக்கிறது. நேரான கண்ணாடித் தம்ளரில் அத்தகைய வளையம் தோன்றவில்லை. ஒயின் கோப்பையிலும், வெப்பநிலை 25 டிகிரிக்கு உயர்ந்தபோது அந்த வளையம் தெளிவாக நிலைக்கவில்லை.

இதிலிருந்து நமக்கு இரு செய்திகள் கிடைக்கின்றன. வயிறு அகன்று வாய் குறுகிய வடிவம் உண்மையிலேயே பயன் தருகிறது. ஆனால் நம் நாட்டின் கோடை வெப்பத்தில் ஊற்றப்படும் ஒயினை எந்த விலையுயர்ந்த கோப்பையும் காப்பாற்றாது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளில் பிறந்தது. இங்கே, பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது புதிய கோப்பையைவிடப் பெரிய மாற்றத்தைச் செலவின்றித் தரும்.

கண்ணைக் கட்டி ஒரு சோதனை

அன்றிரவு உணவுக்கூடப் பணியாளர் ஒருவரின் உதவியுடன் ஒரு சிறு சோதனை செய்தோம். கண்களைத் துணியால் கட்டிக்கொண்டோம். கோப்பையைத் தொட்டால் அதன் எடையும் விளிம்பின் மென்மையும் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், அவரே ஒவ்வொன்றாக மூக்கின் அருகே பிடித்தார். நேரான தம்ளரையும் துலிப் வடிவக் கோப்பையையும் நாங்கள் இருவரும் ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பிரித்தறிந்தோம். நடுத்தரக் கோப்பைக்கும் படிவத்தில் இருந்த விலையுயர்ந்த கோப்பைக்கும் இடையே எங்கள் விடைகள் சரியும் தவறுமாகவே அமைந்தன. ஒரே மாலை, இரண்டே மூக்குகள். இதை ஆய்வு என்று கூறமாட்டோம். ஆயினும் எங்கள் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது.

மிளகின் புதிர் ஊர் திரும்பிய பிறகே விடுபட்டது. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்னும் சேர்மம் குரூனர் வெல்ட்லீனரிலும் ஷிராஸ் வகை ஒயினிலும் உள்ளது. 2008இல் அதை ஒயினில் அடையாளம் கண்ட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தனர்: சோதனையில் பங்கேற்றவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால், மிகுந்த அளவில் கலந்தபோதும், அதை உணர முடியவில்லை. எங்களில் ஒருவர் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கக்கூடும். மிளகு இரசத்தின் காரம் அவருக்கு நன்கு தெரியும். மணத்தின் ஒரு பகுதி மட்டும் எட்டுவதில்லை. பிறவியில் அமைந்த இந்த வேறுபாட்டுக்குப் பெரிய கோப்பை மருந்தாகாது.

கோப்பையைத் தேர்ந்தெடுக்க

கடையில் நிற்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. கண்ணாடி நிறமற்றதாகவும் வேலைப்பாடு அற்றதாகவும் இருக்க வேண்டும். வாய், வயிற்றைவிடக் குறுகியிருக்க வேண்டும். விளிம்பை விரலால் தடவும்போது தடித்த உருண்டை தட்டுப்படாமல் மெல்லியதாக, கூர்மையின்றி இருக்க வேண்டும். கைச்சூடு ஒயினுக்கு ஏறாமல் பிடிக்கத் தண்டு உதவுகிறது. 350 முதல் 450 மில்லிலிட்டர் வரை கொள்ளும் ஒரே வகைக் கோப்பை சிவப்பு, வெள்ளை இரண்டுக்கும் பொருந்தும். அதன் அகன்ற பகுதிக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றினால் சுழற்ற இடம் இருக்கும். தொழில்முறைச் சுவையறிதலுக்கென 1977இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தரக் கோப்பையின் கொள்ளளவு 215 மில்லிலிட்டர் மட்டுமே. எளிய, விலை குறைந்த அக்கோப்பையிலேயே எத்தனையோ ஒயின்கள் மதிப்பிடப்பட்டுள்ளன.

சுண்டினால் மணிபோல் ஒலிப்பது தரத்திற்கான சான்று என்று சொல்வார்கள். ஈயம் கலந்த படிகக் கண்ணாடிக்கு அந்த ஒலி உண்டு. ஆனால் ஒலிக்கும் மணத்திற்கும் தொடர்பில்லை. அத்தகைய குடுவைகளில் மதுவை மாதக்கணக்கில் சேமித்தால் ஈயம் அதில் கரைந்து சேர்வதை 1991இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. சில நிமிடங்களில் அருந்துவதற்கும் நாள்கணக்கில் சேமித்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டு எனினும், புதிதாக வாங்குவோர் ஈயமற்ற கண்ணாடி எனக் குறிப்பிடப்பட்டவற்றைத் தேர்ந்தெடுப்பதே நலம். உடைந்தால் ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கையெழுத்திடும் முன்

பயிலரங்குக் கட்டணம் பயணச் சீட்டில் அடங்குமா, தனியா என்பதை முன்பதிவின்போதே அறிந்துகொள்வது நல்லது. கப்பலில் வாங்குபவை பெரும்பாலும் அறைக் கணக்கில் சேர்ந்து, இறுதி நாளில் ஒரே தொகையாக வந்து நிற்கும். அன்றாடம் அந்தக் கணக்கைப் பார்க்கும் பழக்கம் அதிர்ச்சியைத் தவிர்க்கும். அட்டை இயந்திரம் ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா என்று கேட்டால், யூரோவையே தேர்ந்தெடுப்பது பொதுவாக ஆதாயம். ரூபாய் எனத் தெரிவு செய்தால் மாற்று விகிதத்தை விற்பவர் தரப்பே நிர்ணயிக்கிறது. அதில் கூடுதல் இலாபமும் சேர்ந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் அட்டை எவ்வளவு கட்டணம் விதிக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பயணி தம்முடன் எடுத்துவரும் பொருள்களுக்கான வரிச்சலுகை, பின்னர் கூரியரில் வரும் பொதிக்குக் கிடைக்காது. ஒயினைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருந்து திரும்புபவர் 2 லிட்டர் வரையிலான மதுவைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். எனினும் பீகார், குஜராத் போன்ற மதுவிலக்கு மாநிலங்களுக்குச் செல்வோர் அந்த மாநில விதிகளையும் அறிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே பயிலரங்கில் அமர்வதற்குக் குடிக்கத்தான் வேண்டும் என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. எங்கள் மேசையில் மிகச் சரியாக முகர்ந்தவர் ஒரு மிடறும் பருகவில்லை.

மறுநாள் காலை படிவத்தைத் திருப்பித் தராமல் மடித்து வைத்துக்கொண்டோம். ஊர் திரும்பியபின் ஈயமற்ற கண்ணாடியாலான இரண்டு கோப்பைகளை இங்கேயே வாங்கினோம். ஒருவர் அதில் எப்போதாவது ஒயின் ஊற்றிக்கொள்கிறார். மற்றவர் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றி, அருந்தும் முன் சுழற்றி முகர்கிறார். எங்கேனும் குரூனர் வெல்ட்லீனர் கிடைத்தால், கோப்பை முதலில் அவர் கைக்கே போகிறது. மிளகு இருக்கிறதா என்று அவர்தானே சொல்ல வேண்டும்.