தேக்குக் கொழுந்தில் சாயம்! கார்த்திகைக்குக் காகிதக் கூண்டு விளக்கு!

திருப்பூரில் சாயம் என்றாலே சிலருக்கு அடிவயிறு கலங்கும். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டை ஆனது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே படிப்படியாகத் திறந்தன.

ஆற்றைக் கெடுக்காத சாயமும் உண்டு. சின்ன வயதில் தேக்குக் கொழுந்தைக் கசக்கி உள்ளங்கை சிவக்க விளையாடியது ஞாபகம் இருக்கிறதா? அதே சாயந்தான்! ஜாவாத் தீவில் இந்த இலையைத் துணியில் பதிக்கிறார்கள். காகிதத்திலும் விழும்.

கெட்டிக் காகிதத்தைப் படிகாரத் தண்ணீரில் நனைத்து, மேலே இளந்தேக்கிலையைப் பரப்ப வேண்டும். ஒரு கம்பில் இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவிட வேண்டும். பழைய இட்லிக் கொப்பரை போதும். (அப்புறம் அதில் இட்லி சுடக்கூடாது. வீட்டம்மா விடவும் மாட்டார்!) பிரித்தால் நரம்பு நரம்பாகக் கருஞ்சிவப்பு. மூங்கில் குச்சியில் கூண்டாக ஒட்டி, உள்ளே சின்ன எல்.இ.டி. பல்பு மாட்டினால் விளக்கு ரெடி. அகல் மட்டும் வேண்டாம், பற்றிக்கொள்ளும்!

பனியன் கம்பெனிக்கு இது கட்டுப்படி ஆகாது. ஒரு இலை மாதிரி இன்னொன்று விழாது, வெயிலில் வெளிறும். ஏற்றுமதி ஆர்டருக்கு ஒரே ஷேடு வேண்டுமே! வாசலில் தொங்கும் கூண்டுக்கு யார் ஷேடு பார்க்கப் போகிறார்கள்?