அரும்பு, மொட்டு, மலர்

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை பத்தியைச் சரளமாக வாசிக்கும். பக்கத்துப் பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டும். இருவருக்கும் ஒரே வேகம் என்பது நியாயமா?

கொரோனா விடுமுறை இந்த இடைவெளியைப் பெரிதாக்கியது. 2022-இல் தமிழக அரசு 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. இது எல்லா ஒன்றியங்களின் அரசுப் பள்ளிகளுக்கும் பொதுவான திட்டம். பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சோதித்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பயிற்சியும் அதற்கேற்ப மாறுகிறது. பெயர்கள் அழகுதான். ஆனால் யார் அரும்பு, யார் மலர் என்பது பிள்ளைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்!

பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் தருவதும், அவரவர் வேகத்துக்கு இடம் கொடுக்கும் இதே நியாயம்தான்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிக்கல், ஆள் பற்றாக்குறை. சிறு பள்ளிகளில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளையும் சேர்த்து நடத்துகிறார். மலர் நிலையினர் தாங்களாகவே எழுத, அவர் அரும்புகளின் பக்கம் உட்கார வேண்டியிருக்கிறது.