இலையுதிர்த்துக் காட்டிக்கொடுக்கும் ரப்பர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் இருமுறை தள்ளிப்போடப்பட்டு, அமலுக்கு வரும் நாள் பெரிய நிறுவனங்களுக்கு இப்போது 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. காடழித்து விளைந்த ரப்பரை அங்கே விற்கவிடாத இந்தச் சட்டம் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வரும் கடிதங்களில் ஒரே சந்தேகம்தான்: மேலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சை. எது ரப்பர், எது காடு என்று செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்?

மரமே சொல்லிவிடுகிறது. தை, மாசியில் முதிர்ந்த ரப்பர் ஒட்டுமொத்தமாக இலையுதிர்க்கும். பால் குறைந்து வெட்டு நிற்கும். சில வாரங்களுக்குள் செம்பு நிறத் துளிர் விட்டுத் தோட்டம் மறுபடி தழைத்துவிடும். பக்கத்து மழைக்காடு அப்போதும் கரும்பச்சைதான். இலையுதிர் காடோ மொட்டையாக நின்று மழைக்குக் காத்திருக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் கட்டம் கட்டமாக இதைப் பதிவுசெய்கின்றன. பசுமை மளமளவெனச் சரிந்து, அதே வேகத்தில் எழும் கட்டம் ரப்பர்.

இந்த அடையாளத்தை வைத்துத் தென்கிழக்கு ஆசியாவை அளந்த ஆய்வு 2023-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. 1993-க்குப் பிறகு ரப்பருக்காக அழிந்த காடு 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல். கொள்கை வகுப்போர் நம்பியிருந்த கணக்கைப்போல் இது குறைந்தது இரண்டு மடங்கு. பல்லுயிர் வளத்துக்கு முக்கியமென்று குறிக்கப்பட்ட பகுதிகளிலேயே 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ரப்பர் நிற்கிறது.

இவ்வளவும் அரசுக் கணக்குகளில் எப்படித் தப்பியது? ஒரு காரணம் 'காடு' என்பதற்கான வரையறையிலேயே இருக்கிறது. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வரையறைப்படி ரப்பர் தோட்டமும் காடு. இயற்கைக் காட்டை வெட்டி ரப்பர் நட்டால் ஏட்டில் ஒரு ஹெக்டேர்கூடக் குறையாது! இந்திய வன ஆய்வு நிறுவனமும் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீத மரநிழல் இருந்தாலே வனப்பரப்பில் சேர்த்துக்கொள்கிறது; எந்த மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. வனப்பரப்பு கூடியதாக வரும் அறிவிப்புகளை அப்படியே நம்புவதற்கில்லை. ஐரோப்பியச் சட்டம் ரப்பரை வேளாண் பயிராகப் பிரித்துவிட்டது, சரி. ஆனால் 2025 மே மாதம் இந்தியாவுக்குக் கொடுத்த 'குறைந்த ஆபத்து' முத்திரைக்கு அதே உணவு, வேளாண் அமைப்பின் புள்ளிவிவரங்களைத்தான் நாடியது.

மற்ற கேள்விகள்:

இளங்கன்றுகள் தெரியுமா? நிழல் கட்டாத தோட்டமும் ஊடே வாழை, அன்னாசி போட்ட நிலமும் எளிதில் தவறிவிடும்.

சட்டத்துக்குத் தோட்டத்தின் எல்லைக்கோடு முழுவதும் வேண்டுமா? 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும்.

பழைய ரப்பரை வெட்டி மறுநடவு செய்தால் காடழிப்பா? இல்லை; ஆனால் சட்டத்தின் வரம்பு நாளான 2020 டிசம்பர் 31-இல் அங்கே நின்றது காடல்ல என்று காட்ட முடியவேண்டும்.

வரைபடம் தவறாகக் காட்டினால்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020 வன வரைபடமே சட்டப்படி இறுதிச் சான்று அல்ல; மறுநடவுப் பதிவும் பழைய படங்களும் கைவசம் இருக்கட்டும்.