தங்கவயல் ரயிலும் பெங்களூர் சம்பளமும்

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பொருளாதாரம் படித்தவன் அல்லன். ஆனால் ஒரு நகரத்தில் சம்பளம் ஏன் உயர்கிறது, இன்னோர் ஊரில் ஏன் வற்றிப்போகிறது என்பதை மாரிகுப்பம் - பெங்களூர் பாசஞ்சர் வண்டி எனக்குக் கற்றுக் கொடுத்தது.

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் சுரங்க வேலையைத் தொடங்கியது. வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம் மக்கள் திரளாக அங்கே குடியேறினார்கள். 1894-ல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-ல்தான். அன்று தங்கவயல் முன்னே, பெங்களூர் பின்னே!

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 1964-ல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இருந்தாலும், எல்லோருக்கும் அது வேலை தர இயலுமா? அதிகாலை வண்டியில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் புறப்பட ஆரம்பித்தார்கள்.

பெங்களூரிலும் ஆலைகள் மூடப்படவில்லையா என்று கேட்பீர்கள். பின்னி மில் மூடியது. எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையும் மூடியது. ஆனால் ஊர் படுக்கவில்லை. காரணத்தை ரயில்வே மொழியில் சொல்கிறேன். மாரிகுப்பம் பாதை முடியும் கடைசி ஸ்டேஷன். பெங்களூர் ஜங்ஷன். ஜங்ஷனில் ஒரு வண்டி ரத்தானால் இன்னொரு வண்டி உண்டு. எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) என்று வரிசையாக வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தபோது படித்த பொறியாளர்கள் இங்கே தயாராக இருந்தார்கள். ஒரே தொழிலாளியைப் பல முதலாளிகள் தேடும் ஊரில் சம்பளம் ஏறும். ஒரே முதலாளி உள்ள ஊரில், அவர் கதவைச் சாத்தினால் எல்லாம் முடிந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. எபு வேல் என்ற ஊரில் இரும்பாலை 2002-ல் மூடியது. 2008-ல் அங்கிருந்து தலைநகர் கார்டிஃபுக்கு மறுபடியும் பயணிகள் ரயில் விட்டார்கள். வேலை ஊருக்கு வராதபோது, ஊர் வேலையைத் தேடிப் போகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. உதாரணத்துக்கு, பெங்களூரில் நாள் கூலி 650 ரூபாய், தங்கவயலில் 450 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 200 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் 8 மணி நேர வேலையோடு, போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி சேர்த்தால் 13 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். உள்ளூர்க்காரருக்கு நடையையும் சேர்த்து 9 மணி நேரம். அவருக்கும் மணிக்கு 50 ரூபாய்தான்! அந்த 200 ரூபாய், தூக்கத்தையும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தையும் விற்ற காசு. பின் ஏன் வருகிறார்கள்? அங்கே அந்த 450 ரூபாய் வேலை தினமும் கிடைப்பதில்லை. அவ்வளவுதான்.

எனவே பெங்களூரின் சராசரி வருமானத்தைப் பத்திரிகையில் பார்த்து நாம் மயங்க வேண்டாம். அந்தச் சராசரிக்குள் கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரியும் இருக்கிறார், அந்தக் கட்டடத்தின் வாசலில் நிற்கும் தங்கவயல் காவலாளியும் இருக்கிறார். அவருக்கு இரண்டு உதவிகள் தேவை. ஒன்று, பயண நேரம் குறைய வேண்டும். அரை மணி குறைந்தாலும் அது கூலி உயர்வுக்குச் சமம். மற்றொன்று, தங்கவயலுக்கு ஒன்றல்ல, பல தொழில்கள் வரவேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பல இடங்களில் செல்லுபடியாகும் ஒரு கைத்தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். ஒரே வண்டியை நம்பி யாரும் பிளாட்பாரத்தில் நிற்கக் கூடாது.